ஓடாத மோட்டார் என்ன மோட்டார்?

2023 ஆகஸ்ட் 27
ஒருவர் கேட்டிருப்பது: "படகின் பின்னால் மாட்டுகிற பழைய ரேஸ் அவுட்போர்ட் மோட்டாரை அமெரிக்காவிலிருந்து இறக்கி, பாலிஷ் போட்டு, ஹாலில் ஸ்டாண்டில் நிறுத்தி வைக்கிறார்கள். சிங்கப்பூரில் அதற்கு ரேஸும் இல்லை, ஓட்டிப் பார்க்க இடமும் இல்லை. ஓடாத மோட்டார் என்ன மோட்டார்? குத்துவிளக்கு வாங்கி வைத்தாலாவது வெள்ளிக்கிழமை ஏற்றலாம்."

2023 ஆகஸ்ட் 27, இரவு 11 மணி
குத்துவிளக்கு என்று சொன்னதற்காகவே பதில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் படித்துவிட்டுப் படுத்திருப்பேன்.

செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை, முப்பத்தோரு வருஷம். என்னிடம் பழைய அவுட்போர்ட் ஒன்றுதான் இருக்கிறது. சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடினார்களே, அதற்கு இரண்டு வாரம் முன்னால் வாங்கியது. தார்ப்பாயில் பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, கேசட் இவற்றோடு கிடந்தது. விற்ற சீனப் பெரியவர், "ரேஸ் எஞ்சின் லா, வெரி ஃபாஸ்ட்" என்றார். நானும் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து துடைத்தால் பிரிட்டிஷ் சீகல்! இங்கிலாந்தில் பூல் என்ற ஊரில் செய்தது. ரேஸுக்கு லாயக்கே இல்லாத மோட்டார் எது என்று உலகம் முழுக்கத் தேடினால் அதுதான் முதலில் கிடைக்கும். பெரிய புரொப்பெல்லர், நிதானமான சுற்று, பாரமேற்றிய படகை எருமை இழுக்கிற மாதிரி இழுக்கும். பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் குடிக்கும். புகையைப் பார்த்து, கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் என்று கீழ்வீட்டுப் பாட்டி சன்னலைச் சாத்தியிருக்கிறார்.

ஆனால் ஓடுகிறது. டிரம்மில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். எனவே தம்பி, உங்கள் கேள்வி என்னைத் தொடவில்லை.

2023 ஆகஸ்ட் 28
காலையில் திரும்பப் படித்தேன். தொடவில்லை என்று எழுதியது பொய். ரேஸ் மோட்டார் ஒன்று வாங்க வேண்டும் என்று நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்காததற்குக் காரணம் நீங்கள் கேட்ட கேள்விதான்.

2023 செப்டம்பர் 1
ரேஸ் மோட்டாருக்கும் சாதாரண மோட்டாருக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்கிறார். நீளமாக எழுதப் பிடிக்கும், ஆனால் காலை ஷிஃப்ட்.

1909இல் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவில் மில்வாக்கியில் படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை முதன்முதலில் செய்து விற்றார். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் படகு வலித்துப் போய், திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டதாம். அதனால்தான் மோட்டார் பிறந்ததாம். அந்தப் பெண்தான் பிறகு அவர் மனைவியான பெஸ். இருபது வருஷத்துக்குள் ஜான்சன், எல்டோ, எவின்ரூட் எல்லாரும் ரேஸுக்கென்றே தனி மோட்டார் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் விஸ்கான்சினில் மெர்க்குரியைத் தொடங்கினார். 1950களில் ரேஸ் என்றால் மெர்க்குரி.

ரேஸ் மோட்டாரில் முக்கியம், என்னென்ன இல்லை என்பதுதான். நியூட்ரல் இல்லை. ரிவர்ஸ் இல்லை. கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்துக்கொண்டால் படகு கிளம்பிவிடும், நீங்கள் தயாரா என்று கேட்காது. மெர்க்குரியின் குவிக்சில்வர் என்கிற ரேஸ் கீழ்ப்பாகத்தில் (தண்ணீருக்குள் இருக்கும், புரொப்பெல்லர் மாட்டிய பகுதி) தண்ணீர் பம்ப்கூட இல்லை. புரொப்பெல்லர் பின்னால் தள்ளுகிற தண்ணீரையே ஒரு துளை வாங்கி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைக்கும். பம்ப் இருந்தால் அது கொஞ்சம் சக்தியைத் தின்னும், எடை கூடும், கீழ்ப்பாகம் பருக்கும். அதனால் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

2023 செப்டம்பர் 2
திருத்தம். எவின்ரூட் முதல் ஆள் இல்லை என்று ஒருவர் குட்டியிருக்கிறார். சரிதான். கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1906லேயே விற்றுக்கொண்டிருந்தார். எவின்ரூட் செய்தது நன்றாக விற்றது, அவ்வளவுதான். ஐஸ்கிரீமும் விற்பனைக்கு உதவியிருக்கும்.

2023 செப்டம்பர் 15
பைக் ஓட்டுகிற தம்பிகள் இருவர் இங்கே வந்து பேச்சைத் திருப்புகிறார்கள், திருப்பட்டும். பெர்லினில் கோனிக் என்றொரு கம்பெனி ரேஸ் அவுட்போர்ட் செய்தது. அங்கே வேலை பார்த்த நியூசிலாந்துக்காரர் கிம் நியூகோம்ப், அந்தப் படகு எஞ்சினையே ஒரு பைக்கில் உட்கார வைத்தார். நாலு சிலிண்டர், இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், படுத்த மாதிரி. 1973இல் 500 சிசி உலகப் போட்டியில் யூகோஸ்லாவியா கிராண்ட் பிரியை அதில் ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்டில் சில்வர்ஸ்டோனில் விழுந்து இறந்துபோனார். சீசன் முடிந்து புள்ளி கூட்டிப் பார்த்தால் இரண்டாவது இடம் அவருக்குத்தான். பெரிய பெரிய கம்பெனி பைக்குகளுக்கு நடுவே ஒரு படகு மோட்டார்.

2023 டிசம்பர் 19
வாங்கிவிட்டேன். மெர்க்குரி மார்க் 20எச். 1950களின் நடுவில் வந்தது. இரண்டு சிலிண்டர், இருபது கன அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்து 'பி' வகுப்பு ரேஸுக்கான அளவு. விற்றவர் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்: பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. அதனால்தான் என் கைக்கு எட்டியது. விலையைக் கேட்காதீர்கள், வீட்டுக்காரி இதைப் படிக்கிறாள்.

2024 ஜனவரி 11
பெட்டி வந்து சேர்ந்தது. டிசம்பரில் வந்திருந்தால் ஜிஎஸ்டி 8 விழுக்காடு, ஜனவரி 1 முதல் 9. அதுவும் மோட்டார் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் கூலிக்கும் சேர்த்து. ஒரு வாரத் தாமதத்துக்கு ஒரு விழுக்காடு. இதைப் புலம்பினால், "வாங்காமல் இருந்திருந்தால் நூறு விழுக்காடும் மிச்சம்" என்கிறாள் வீட்டுக்காரி.

இன்னொரு விஷயம். பெட்டியைத் தாழ்வாரத்தில் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை கதவில் நோட்டீஸ். ஆள் தப்பிக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டுமாம். டேப் பிடித்து அளந்து பார்த்தேன். 1.08. அவர்கள் சொன்னது சரி. மோட்டார் இப்போது சாமி அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குத்துவிளக்குத் தம்பி சிரிப்பார்.

2024 ஜனவரி 14
பெயிண்ட். இதைப் பற்றித் திட்டாமல் இருக்க முடியவில்லை. யாரோ முழுக்கக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். மெர்க்குரி என்றால் கறுப்பு என்று எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அந்தக் கறுப்பு 1960களில் வந்தது. இதன் காலத்து மோட்டாருக்குக் கறுப்பு பூசுவது, தாத்தாவின் கல்யாணப் படத்தில் அவருக்குக் கூலிங் கிளாஸ் வரைகிற மாதிரி. ஒரு ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன். கீழே பச்சை.

சுரண்டியதும் கை நிற்கவில்லை. பெயிண்ட் ரிமூவர், மூங்கில் சீவல், பழைய பல் துலக்கி. இரும்பு பிரஷ் தொடவில்லை. நாலு மணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை வெளியே வந்தது. திட்டுத் திட்டாக, சில இடத்தில் உலோகம் தெரிய. அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுக்கு அந்தக் கறுப்பே நல்லா இருந்துச்சு" என்றான்.

2024 ஜனவரி 28
இறுகிய பிஸ்டன். இதை விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சாதாரண எஞ்சின் என்றால் மேலே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கலாம். இந்த மெர்க்குரியில் ஹெட் தனியாக இல்லை. பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. பானையின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. மேலேயிருந்து போக ஒரே வழி, பிளக் ஓட்டை. கீழேயிருந்து பிஸ்டனைத் தாங்கும் ராடைப் பிடித்து இழுத்தால் ராடு வளையும்.

முதலில் மண்ணெண்ணெயும் கார் ஆட்டோ கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து பிளக் ஓட்டையில் ஊற்றி இரண்டு வாரம் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காக்கி புக்கிட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற அங்கிளிடம் போனேன். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்பு உடலில் மரை வெட்டி, கிரீஸ் நிப்பிள் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, கோப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னார். கோப்பி ஓ கோசோங், பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி.

அதைப் பிளக் ஓட்டையில் முறுக்கிவிட்டு, கிரீஸ் கன்னால் அடிக்க ஆரம்பித்தேன். பிஸ்டன் எக்ஸாஸ்ட் துளைக்கு மேலே நின்று இறுகியிருந்ததால்தான் இது நடக்கும். துளை திறந்திருந்தால் கிரீஸ் அந்த வழியே ஓடிவிடும். முப்பது அழுத்து வரை லேசாக இருந்தது. அப்புறம் கைப்பிடி கல் மாதிரி ஆனது. அங்கிள் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடி போட்டுக்கொள் என்று சைகை காட்டினார். இன்னும் அரை அழுத்து. "டக்". சத்தம் என்னவோ சின்னதுதான், என் வயிற்றில் கேட்டது. பிளாக் பிளந்துவிட்டது என்றே நினைத்தேன். எஞ்சினோடு சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலைப் பார்த்தால் ஒரு விரல்கடை நகர்ந்திருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு அழுத்துக்கும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, துளை திறந்ததும், முறுக்கு அச்சிலிருந்து மாவு வருகிற மாதிரி கிரீஸ் எக்ஸாஸ்ட் வழியாகப் பிதுங்கியது. கால் கிலோவுக்கு மேல் போயிருக்கும்.

அந்தக் கிரீஸைக் கழுவி எடுக்க மூன்று நாள். அதை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை.

2024 பிப்ரவரி 4
ராடின் அடியில் பேரிங், தனித்தனி உருளைகள். கூண்டு கிடையாது. மூடியைத் திறந்ததும் சிந்தும் என்று தெரியும், தெரிந்தே அடியில் தட்டு வைத்தேன். தட்டு சின்னது. சமையலறைத் தரையில் உருண்டு ஓடின. எண்ணி எடுத்தேன், ஒன்று குறைகிறது. ஃபிரிட்ஜை நகர்த்தியாயிற்று. சலவை மெஷினை நகர்த்தியாயிற்று.

2024 பிப்ரவரி 6
கிடைக்கவில்லை.

2024 பிப்ரவரி 7
"ஒன்று குறைந்தால் என்ன, போட்டு ஓட்டுங்கள்" என்று எழுதிய அன்பருக்கு: உங்கள் கார் சக்கரத்தில் நாலு நட்டு போதும் என்று ஓட்டுகிறீர்களா? இடைவெளி விழுந்தால் உருளைகள் சாயும். சாய்ந்தால் ஒரு நொடியில் எல்லாம் பொடி. முழு செட்டாகப் புதிது வாங்கினேன். பழையதில் ஒன்றைக்கூடக் கலக்கவில்லை. போடும்போது கிரீஸில் ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்து, மூச்சை அடக்கி மூடவேண்டும். பெரிய தட்டு வாங்கிவிட்டேன். தேக்காவில், அடை மாவு பிசைகிற தாம்பாளம்.

2024 மார்ச் 10
விளக்கெண்ணெய்.

அந்தக் காலத்து ரேஸ்காரர்கள் மெத்தனால் எரித்தார்கள், அதற்குக் கலக்கும் எண்ணெய் விளக்கெண்ணெய்தான். ஆமாம், பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியதே, அதே ஆமணக்கு எண்ணெய். சாதாரண எஞ்சின் எண்ணெய் மெத்தனாலில் கரையாது, பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் கரையும். சூட்டிலும் உலோகத்தை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் எண்ணெய் வந்ததும் 1909, எவின்ரூட் மோட்டார் விற்றதும் 1909. இன்றைக்கும் உலகத்தில் அதிக ஆமணக்கு விளைகிறது இந்தியாவில், அதிலும் குஜராத்தில்.

இதைப் படித்த ஆர்வத்தில் சிராங்கூன் ரோடு மளிகைக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். கடைக்காரம்மா, "குழந்தைக்கா?" என்றார். "மோட்டாருக்கு." ஒரு நொடி பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல குடுங்க" என்றார்.

2024 மார்ச் 13
மேலே எழுதியதைப் பார்த்து யாரும் மளிகைக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். ரேஸுக்குப் பயன்படுத்துவது பிசின் நீக்கிய விளக்கெண்ணெய். அதுகூட எரிந்தபின் அரக்கு மாதிரி படியும், ரிங்குகளை ஒட்ட வைக்கும். ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் அடுத்த வருஷம் மறுபடி கிரீஸ் கன்தான். என் மோட்டார் இறுகியதற்கே காரணம் அதுவாக இருக்கலாம். பிஸ்டன் பக்கவாட்டில் தேன்நிறப் பூச்சு, நகம் இறங்கவில்லை.

மெத்தனால் வேண்டவே வேண்டாம். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குடித்தாலும் சுவாசித்தாலும் விஷம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அலுமினியத்தை அரிக்கும். பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும் என்பதால் கார்ப்ரேட்டர் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். நான் பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயும், இருபதுக்கு ஒன்று. வாசனைக்காக ஒரு மூடி விளக்கெண்ணெய் சேர்ப்பேன். ஒரு மூடிதான்.

 

2024 ஏப்ரல் 21
டிரம்மில் ஓடியது. காக்கி புக்கிட், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் பூட்டியிருக்கும்போது. பம்ப் இல்லாத மோட்டார் என்பதால் தோட்டக் குழாயை நேராகத் தண்ணீர் வழியில் சொருகினோம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டோம். இந்த நிலையில் சுமையே இல்லை, ஆசையில் முறுக்கினால் ராடு வெளியே வந்து வணக்கம் சொல்லும். மெதுவாகத்தான். அந்தப் புகை! கோயிலில் அணைந்த அகல் வாசனை கொஞ்சம், பொரித்த அப்பளம் கொஞ்சம். இரண்டு நிமிஷம் ஓடி நின்றது. மறுபடி இழுத்தால் வரவில்லை. அரை மணி கழித்து, ஆறியபின், முதல் இழுப்பில் வந்தது. மறுபடி இரண்டு நிமிஷம்.

கார்ப்ரேட்டர்தான். மிதவை சிக்குகிறது.

2024 ஏப்ரல் 28
கார்ப்ரேட்டர் இல்லை. மூன்று முறை பிரித்தேன். ஜோகூர் பாருவில் மெக்கானிக்காக இருக்கும் தம்பி கண்டென்சரை மாற்றச் சொல்கிறார். மாற்றுகிறேன்.

2024 மே 5
கண்டென்சரும் இல்லை. ஆனால் அவர் சொன்ன திசை சரி: சூட்டில் சாகிறது என்றால் மின்சாரப் பக்கம் பார். பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயிலைக் கழற்றாமல், ஃப்ளைவீலைச் சுற்றிப் பிளக்கில் பொறி பார்த்தேன், நீலமாக நன்றாக வந்தது. வீட்டுக்காரியின் ஹேர் டிரையரை எடுத்துக் காயில் மேல் பத்து நிமிஷம் காட்டினேன். பொறி மஞ்சளானது, அப்புறம் காணவில்லை. ஆற விட்டேன், வந்தது. டிரையர், போனது. மூன்று தடவை. எழுபது வருஷக் காப்புப் பூச்சு வெடித்து, ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது; சூடானதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த விரிசல் வழியே பாதை தேடிக்கொள்கிறது.

சிலர் காயிலைக் குறைந்த சூட்டில் அவனில் வைத்து ஈரம் போக்குவார்கள். நானும் வைத்தேன். ஒரு நாள் வேலை செய்தது. புதுக் காயில் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 21 குறிப்பில் "கார்ப்ரேட்டர்தான்" என்று அடித்துச் சொன்னதை அழிக்கவில்லை. கிடக்கட்டும். முப்பத்தோரு வருஷ ஃபிட்டர்.

2024 ஜூலை 7
மோட்டார் ஓடுகிறது, சூட்டிலும் ஓடுகிறது. எனவே கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று என்று நினைத்துத் தண்ணீருக்குக் கொண்டு போனேன். மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் ஜோகூர் ஆற்றில் மீன்பிடிக்கிற நண்பரின் மரப்படகு. உப்பு வேண்டாம் என்பதால் கடலுக்குப் போகவில்லை. இது ஏரிக்குப் பிறந்த மோட்டார்.

கயிற்றை இழுத்தேன். நியூட்ரல் இல்லை என்று செப்டம்பரில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நான். படகு ஒரு குலுங்கு குலுங்கியது, நண்பர் பொட்டலமும் தேநீருமாகப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. எஞ்சின் அலறுகிறது, படகு நடக்கிறது. இரண்டு பட்டை வெண்கலப் புரொப்பெல்லர், வேகமாகப் பறக்கிற லேசான படகுக்குச் செதுக்கியது. பாரப் படகில் தண்ணீரைக் கடைந்து நுரையாக்குகிறதே தவிரப் பிடிப்பதில்லை. வேகம் இல்லாததால் குளிர்விக்கும் தண்ணீரும் மேலே சரியாக ஏறவில்லை. பெயிண்ட் வேகிற வாசனை வந்ததும் அணைத்தேன். என் பச்சைப் பெயிண்ட்!

பக்கத்தில் ஒருவர் பதினைந்து குதிரை யமஹாவில் மீன் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனார். கை காட்டினார்.

2024 ஜூலை 9
இரண்டு நாளாக யோசிக்கிறேன். சீகலாக இருந்திருந்தால் அந்தப் படகை ஆற்றின் முகத்துவாரம் வரை முணுமுணுத்துக்கொண்டே தள்ளியிருக்கும். சுங்கை ரோடு பெரியவர் சொன்னதைப் பார்த்துச் சிரித்தேன். பாரப் படகில் எது ஃபாஸ்ட்?

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்த மோட்டார் ஓடும், ஆனால் தனியாக ஓடாது. அதற்கென்று ஒரு படகு, அதில் முட்டி போட்டுக் குனிந்து உட்காரும் எடை குறைந்த ஒரு ஆள், அலை இல்லாத தண்ணீர், இவ்வளவும் சேர்ந்தால்தான் அது மோட்டார். நாதஸ்வரத்தை மட்டும் வாங்கி வந்து ஊதவில்லையே என்று கேட்பது மாதிரி. 1958இல் ஹியூபர்ட் என்ட்ராப், சியாட்டிலில் போயிங்கில் வேலை பார்த்தவர், மெர்க்குரி மார்க் 75எச் வைத்து லேக் வாஷிங்டனில் மணிக்கு 107 மைல் போனார். அவுட்போர்டில் அது அன்றைய உலகச் சாதனை. எல்லாரும் மோட்டார் பெயரைத்தான் சொல்கிறார்கள். படகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை, வாங்கவும் இல்லை.

2024 ஜூலை 10
நாதஸ்வரம் சரியான உவமை இல்லை என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "தவில் இல்லாத நாதஸ்வரம் என்று சொல்லுங்கள்." ஏற்றுக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்ட் 18
வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, என் காசில் கற்றது. பெயர்த்தகட்டை மட்டும் பார்த்து, ரேஸ் ரகத்தைக் குறிக்கும் 'எச்' என்று நம்பாதீர்கள். சாதாரண மார்க் 20க்கு ரேஸ் தகடு ஒட்டி விற்பவர்கள் உண்டு. கீழ்ப்பாகத்தை முதலில் பாருங்கள், ரேஸ் கீழ்ப்பாகம் ஒல்லியாகக் கத்தி மாதிரி இருக்கும். ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றும் கருவி, புல்லர், இருக்கிறதா என்று கேளுங்கள், ஸ்க்ரூடிரைவர் நெம்பிய வடு இருந்தால் உள்ளே மேக்னெட்டோவிலும் அதே கைதான் வேலை பார்த்திருக்கும். புதுப் பெயிண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், முடிந்தால் குறைத்துக் கேளுங்கள். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுவேன், பேரிங், காயில், ரிங், எதுவும். வெளியே கை வைக்கமாட்டேன். உள்ளே பழசை வைத்துக்கொண்டு வெளியே புதுசாக்குகிறவர்கள்தான் அதிகம், எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

சீகலுக்கு நானே வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன் 2017இல். அதையும் சொல்லிவிட வேண்டும்.

2024 அக்டோபர் 13
அக்கா மகன் நாலு மாதமாக மாசாயில் நண்பன் வீட்டுக் கார் கொட்டகையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். கேட்டால் "ஸ்கூல் பிராஜெக்ட்" என்பான். வேலைக்குப் போகிற பையனுக்கு என்ன ஸ்கூல்? பிளைவுட்டில் ஹைட்ரோபிளேன், தண்ணீரின் மேல் வழுக்கிப் பறக்கிற லேசான ரேஸ் படகு. மேசையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஒரு ஆள் முட்டி போட இடம். இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம்.

2024 நவம்பர் 3
கோத்தா திங்கி. காலை ஏழரை, காற்று எழும்புவதற்கு முன். அக்கா மகன் 52 கிலோ, நான் 88, யார் ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம், மணிக்கட்டில் மோட்டாரை அணைக்கும் கயிறு. த்ராட்டில் கையால் அழுத்திப் பிடித்தால்தான் முடுக்கம், விட்டால் தானே தணியும் ஸ்பிரிங். அக்காவிடம் சொல்லவில்லை.

மீனவ நண்பர் இடுப்பளவுத் தண்ணீரில் படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். கயிறு. மூன்றாவது இழுப்பு. நண்பர் கையை விட்டார்.

முதல் இருபது மீட்டர் தண்ணீரை உழுதுகொண்டு போனது, ஜூலை மாதிரியே. அய்யோ என்று நினைத்தேன். அப்புறம் மூக்கு இறங்கி, படகு தண்ணீரின் மேலே ஏறி உட்கார்ந்தது. சத்தம் மாறியது. அதுவரை இரைச்சல், அதற்குப் பிறகு ஒரே சுதி. எழுபது வருஷம் அந்த உலோகத்துக்குள் அடைந்து கிடந்தது அந்தச் சுதிதான். நாற்பது வினாடி இருக்கும். வளைவில் சுருதி குறைந்தது, பையன் கையைத் தளர்த்திவிட்டான். விளக்கெண்ணெய் வாசனை ஆற்றின் மேல் நின்றது. நண்பர், "யார் வீட்ல அப்பளம்?" என்றார்.

2024 நவம்பர் 4
திருத்தம். வீடியோவைப் பார்த்து அக்கா மகன் சொல்கிறான், நாற்பது இல்லை, 26 வினாடி.